வெளிச்சம் ஒழுகும் தையல்

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்பது அவளுக்கு மறந்தே போய்விட்டது.

அன்றும் கடையிலிருந்து வந்து மாடியேறிக் கதவைத் திறந்தால், மேஜை முழுக்கக் கறுப்புக் காகிதப் பட்டைகள். விரல் அகலத்தில் நூறு இருக்கும். ஒரு பக்கம் நீளமாகத் தொடங்கி, மறுபக்கம் போகப் போகக் குட்டையாகிக்கொண்டே வந்தன. தட்டு வைக்க இடமில்லை. தண்ணீர் டம்ளர் வைக்கக்கூட இடமில்லை.

"தொட்டுடாதே, காயுது," என்றான் அவள் கணவன். வாசலில் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் எதைத் தொடப் போறேன்? தொடறதுக்கு இந்த வீட்டுல எனக்குன்னு என்ன மிச்சம் இருக்கு?"

"சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. முட்டை வேகவெச்சிருக்கேன்."

"எங்க உட்கார்ந்து சாப்பிடறது?"

அவன் மேஜையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "இன்னிக்கு ஒருநாள் நின்னுக்கிட்டே சாப்பிட்டுடேன்."

"இதையேதான் நேத்தும் சொன்னீங்க."

"நேத்து வேற பட்டை. இது வேற பட்டை," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது ஷூவின் முடிச்சையும் இறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். அவர்களுடைய அன்றைய குடும்ப வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். எப்போதும் இரவு ட்யூட்டி. அவள் திரைச்சீலைக் கடையில் தையல்காரி. எப்போதும் பகல். அவனுக்கு வார விடுமுறை புதன்கிழமை, அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று அவள் வீட்டில் இருந்தால் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். புதனன்று அவன் விழித்திருந்தால் அவள் கடையில் யாருடைய ஜன்னலுக்கோ மடிப்பு எடுத்துக்கொண்டிருப்பாள். அன்று ராத்திரி அவள் அசந்து தூங்க, அவன் பழக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். அவன் ஷூ போடுகிற நேரம், அவள் செருப்பு மாட்டுகிற நேரம், இரண்டையும் கூட்டினால் வருவதுதான் இல்லறம்.

இது புரியாமல் மாமியார் வாரம் தவறாமல் போன் செய்து, "நல்ல சேதி ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்பாள்.

அதற்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விழிச்சிருக்கணுமே அத்தை என்று வாய்வரை வரும். அதை விழுங்கிவிட்டு, "பார்க்கலாம் அத்தை," என்பாள்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கேமரா வீட்டுக்குள் வந்தது. ஊரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்கள் மலைமலையாகக் கிடக்கின்றன. போர்வை அகலத்துக்கு வரைபடங்கள். அவற்றைப் பெரிய பிலிமில் படமெடுத்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பகல் வேலை. ஞாயிறு விடுமுறை. அதற்கான கேமரா காப்பக அலமாரியிலேயே இருந்தது. மரச்சட்டமும் லென்ஸும் நன்றாக இருந்தன. முன்னால் லென்ஸ், பின்னால் பிலிம், இரண்டுக்கும் நடுவே ஆர்மோனியத்தில் இருப்பதுபோல மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் ஒரு கறுப்புக் கூடு இருக்குமே, அதுதான் கந்தலாகிக் கிடந்தது. "இதைச் சரிபண்ணி ஒரே ஒரு வரைபடத்தைச் சுத்தமா எடுத்துக் காட்டுங்க. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்று காப்பக அதிகாரி சொல்லியிருந்தார். காட்ட வேண்டிய நாள் வருகிற திங்கட்கிழமை.

அவன் அந்தக் கூட்டை பெல்லோஸ் என்பான். அவளுக்கு அது துருத்தி. "உங்க துருத்தி என் உயிரை ஊதி ஊதி எடுக்குது," என்று அவள் சொன்னதற்கு அவன் சிரித்தான். கோபமே வராது அவனுக்கு. எதைச் சொன்னாலும் சிரிப்பான், அல்லது "பரவாயில்ல" என்பான். குழம்பு தீய்ந்தாலும் பரவாயில்ல. அவனுடைய வெள்ளைக் கோட்டை அவள் நீலத் துணியோடு போட்டுத் துவைத்ததற்கும் பரவாயில்ல. சண்டை போடலாம் என்று ஆசையாக ஆரம்பித்தால்கூட, போய் மோத ஒரு சுவர் கிடைக்காது.

முதல் துருத்திக்கு அவன் சட்டைப்பெட்டி அட்டையை வெட்டிப் பட்டையாகப் போட்டான். கடையிலிருந்து அவள் கொண்டுவந்த, வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி உள்ளே, மெல்லிய ரெக்சின் வெளியே, நடுவில் அட்டை. மடித்து முடித்தால், சோறு அதிகம் தின்றவன் வயிறுபோலப் புடைத்துக்கொண்டு சுருங்கவே மாட்டேன் என்றது. இரண்டாவதற்கு மெல்லிய காகிதம். ஆனால் பட்டைகளை இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டிவிட்டான். மூலையில் மடிப்பு திரும்பும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிழிந்தது.

"மடிப்புக்கு மூச்சு விட இடம் வேணாமா?" என்றாள் அவள், காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே. "ஒரு நூல் அளவாவது விடுங்க."

"எத்தனை நூல்?"

"ரெண்டு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடின்னா எப்ப? நீங்க தூங்கும்போதா?"

மூன்றாவது நன்றாக வந்தது. அதை அவளாலும் மறுக்க முடியவில்லை. மூலைகள் நான்கும் கத்திபோல மடிந்தன. இழுத்தால் நீண்டது, தள்ளினால் படுத்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. அடிப்பக்கத்தில் இரு ஓரங்களும் சேரும் இடத்தை ஒட்ட வேண்டும். அவன் ஒட்டினான். மறுநாள் இழுத்துப் பார்த்தபோது வாயைத் திறந்துகொண்டது. பசையை மாற்றி ஒட்டினான். மறுபடியும் திறந்துகொண்டது. துணி காயப்போடும் கிளிப்புகளை எல்லாம் எடுத்து வரிசையாகக் கவ்வ வைத்தான். போதவில்லை என்று அவளுடைய தலைமுடிக் கிளிப்புகளையும் எடுத்துக்கொண்டான். அவள் கூந்தலை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். "என்னடி, கோலம் மாறிடுச்சு?" என்று முதலாளியம்மா கேட்டதற்கு, "புருஷன் கிளிப்பை எடுத்துக்கிட்டாரும்மா," என்று சொல்ல வேண்டியிருந்தது. கடை முழுக்கச் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. அவன் காலையில் வந்தான், மேஜையைப் பார்த்தான், ஒட்டு மூன்றாவது முறையாக வாய் பிளந்திருந்ததைப் பார்த்தான். "பரவாயில்ல, எந்திரிச்சு ஒட்டிக்கலாம்," என்று படுக்கையறைக்குள் போனான். தலையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தான். தினமும் அப்படித்தான் படுப்பான். தலைவலிக்காக என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் காபியை எடுத்துக்கொண்டு மேஜையருகே நின்றாள். நின்றுகொண்டேதான். மறுநாள் திங்கள். வாய் பிளந்த துருத்தி அவளைப் பார்த்து இளித்தது.

இரண்டு ஓரத்தைச் சேர்த்து வைக்க ஓர் ஆண்பிள்ளை இத்தனை நாளாகப் பசையோடு மல்லுக்கட்டுகிறான். அவளோ ஓரத்தைச் சேர்த்துத் தைத்தே பிழைப்பு நடத்துகிறவள். பசை காற்றுக்கு விடும், ஈரத்துக்கு விடும். தையல் விடாது. இதை ஏன் முதல்நாளே அவளிடம் கேட்கவில்லை? கேட்க நேரம் எங்கே இருந்தது, அதுவும் சரிதான்.

தையல் மெஷினை சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சத்தம் போடாமலிருக்க அடியில் போர்வையை நாலாக மடித்துப் போட்டாள். கதவைச் சாத்தினாள். ரெக்சினுக்கான தடித்த ஊசியை மாட்டினாள். குழாய்போல இருப்பதை மெஷினுக்குள் நுழைத்துத் தைப்பது லேசில்லை. இழுத்துப் பிடித்து, ஒரு மடிப்புக்கு ஒருமுறை நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓட்டினாள். ஒரு வரி போதாது என்று பக்கத்திலேயே இன்னொரு வரி. பொடித் தையல், ஒன்று தப்பவில்லை. முனையில் நூல் பிரியாமலிருக்க முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டித் தையலும் போட்டாள். முடித்துவிட்டு இழுத்தாள். நீண்டது. இன்னும் பலமாக இழுத்தாள். ஒட்டு அசையவில்லை. அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, பசைச் சட்டியை அலமாரியில் தூக்கிப் போட்டு, கிளிப்புகளைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

பிற்பகலில் அவன் எழுந்து வந்தான். துருத்தியை எடுத்தான். திருப்பினான். தையலின் மேல் விரலை ஓட்டினான்.

"எப்படி?" என்றாள்.

"அழகா இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. பரவாயில்ல."

அவனுடைய பரவாயில்லைகளில் பல வகை உண்டு என்று அவளுக்குத் தெரியும். தீய்ந்த குழம்புக்கு ஒன்று, நீலமான கோட்டுக்கு ஒன்று. இது அதையெல்லாம்விட மெதுவாக வந்தது. அவன் துருத்தியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் பொறுத்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்தாள். இருட்டில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா."

"சும்மா யாராவது வாளி மேல உட்காருவாங்களா? என்னன்னு சொல்லுங்க."

"நீ போ. நான் சரிபண்ணிடறேன்."

"எதைச் சரிபண்ணணும்?"

அவன் பெருமூச்சு விட்டான். "உள்ள வா. கதவைச் சாத்து. இந்தப் பெரிய பக்கத்துல முகத்தை வை."

அவள் வைத்தாள். பசை நாற்றம், ரெக்சின் நாற்றம். சின்ன முனையை அவன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, டார்ச்சை வெளியே அடியில் பிடித்து நகர்த்தினான்.

இருட்டுக்குள் ஒரு புள்ளி பிறந்தது. பக்கத்தில் இன்னொன்று. டார்ச் நகர நகர வரிசை வரிசையாக, இரட்டை வரிசையாக, பொடிப்பொடியாக வெளிச்சம். ஒவ்வொரு ஊசிக் குத்தும் ஒரு ஓட்டை. நூல் அதை நிரப்பவில்லை. பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் முகம் இருந்தது. அத்தனை புள்ளிகளும் அவள் முகத்தின் மேல் விழுந்தன.

எத்தனை பொடியாகத் தைத்தாளோ அத்தனை ஓட்டை. கொஞ்சம் மோசமான தையல்காரியாக இருந்திருந்தால் ஓட்டை குறைந்திருக்கும்.

"வானத்துல நட்சத்திரம் மாதிரி," என்றாள், துருத்திக்குள்ளிருந்து. குரல் அவளுக்கே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"ஆமாம். தினமும் பார்க்கிறதுதானே."

"எங்க பார்க்கறீங்க?"

அவன் டார்ச்சை அணைத்தான்.

"எங்கன்னு கேட்டேன்."

"படுக்கையறையில."

அவள் முகத்தை வெளியே எடுத்தாள். எடுத்தும் பயனில்லை, இருட்டு. "படுக்கையறையில எங்க?"

"நீ தச்ச கர்ட்டன்ல. நடுவுல ரெண்டு துணியைச் சேர்த்திருக்கே இல்ல, அந்தத் தையல். காலையில வெயில் நேரா அதுலதான் அடிக்கும். புள்ளி புள்ளியா கட்டில் மேல விழும். ஒண்ணு சரியா கண்ணு மேல வரும். திரும்பிப் படுத்தா கொஞ்ச நேரத்துல அங்கயும் வந்துடும்."

அவன் பகலில் தூங்குவதற்காக, கல்யாணமான முதல் வாரத்தில் கண் விழித்து அவள் தைத்த திரை அது. பகலில் அந்த அறையில் அவள் ஒருநாளும் படுத்ததில்லை. இரவில் படுத்தால் புள்ளி எங்கே தெரியப் போகிறது?

"அப்ப அந்தத் துண்டு?"

"கண்ணுக்குத்தான்."

"தலைவலின்னு சொன்னீங்க."

"நான் சொல்லலை. நீயா நினைச்சுக்கிட்ட. பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

"இத்தனை மாசமா வாயைத் திறக்கலை."

"கஷ்டப்பட்டுத் தச்சே. எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது," என்றாள் அவள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீ ஒருத்தன்தான் துண்டைக் கட்டிக்கிட்டுப் படுக்கிற. அன்னிக்கே சொல்லியிருந்தா, ஊசி நுழைஞ்ச இடத்துல வெளிச்சமும் நுழையும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இன்னிக்கு இதைத் தச்சிருக்க மாட்டேன். உன்னோட பரவாயில்லதான் இந்த ஓட்டை அத்தனையும்."

மரியாதை எப்போது நழுவி விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னோட பரவாயில்லயா?" வாளி கிறீச்சிட்டது. அவன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது. "நான் தூங்கும்போது என் வேலையில கை வைக்கச் சொல்லி யார் கேட்டாங்க? எழுப்பி ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போகும்? மூணு தடவை பண்ணியிருக்கேன். நாளைக்குக் காட்டணும். எதுக்கெடுத்தாலும் கத்திரியைத் தூக்கிக்கிட்டு வந்துட வேண்டியது. அன்னிக்கும் அப்படித்தான், என் பேன்ட் நீளமா இருக்குன்னு நீயா வெட்டின. இன்னி வரைக்கும் கணுக்கால் தெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன். எல்லாரும், 'தெருவுல வெள்ளமா, பேன்ட்டைத் தூக்கிவிட்டிருக்கே?'ன்னு கேட்கறாங்க."

"அதுக்கும் பரவாயில்லன்னுதானே சொன்ன."

"சொன்னேன். ஆனா கேவலமா இருக்கு."

சத்தம் குளியலறைச் சுவரில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசல் கதவை யாரோ தட்டினார்கள். கீழ்வீட்டு அம்மாதான்.

"என்னம்மா சத்தம்? ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்லைங்கம்மா," என்றாள் அவள், உள்ளிருந்தபடியே. "சண்டை."

"ஓ, சண்டையா." அந்த அம்மாளின் குரலில் நிம்மதி தெரிந்தது. "ரெண்டு பேரும் வீட்டுல இருக்கீங்களா? மாத்தி மாத்தி ஒருத்தரைத்தான் பார்க்கிறேனா, ஒருத்தர்தான் குடியிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சரி, நடத்துங்க."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. இருட்டில் அவன் சிரிப்பை அடக்குவது அவளுக்குக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் பாதியிலேயே நின்றுபோன எரிச்சல்தான் இருந்தது.

"சிரிக்காதே. பேன்ட்டைப் பத்தி இன்னும் முடியலை."

"சரி, அதை அப்புறம் முடிக்கலாம். இப்ப இதுக்கு என்ன வழி? பிரிச்சாலும் ஓட்டை இருக்கும்."

"பிரிக்க வேணாம். உள்பக்கமா தையல் மேல ஒரு பட்டை ஒட்டணும். இதே துணியில."

"என் கை உள்ள போகாது. சின்ன முனை."

"என் கை போகும்," என்றாள். "டார்ச்சைப் பிடி."

பசைச் சட்டியை அலமாரியிலிருந்து மறுபடி எடுத்து வர வேண்டியிருந்தது. அவள் வாளியில் உட்கார்ந்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டு, பசை தடவிய பட்டையை மடிப்பு மடிப்பாகத் தடவி ஒட்டினாள். அவன் பெரிய பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டு வெளியே டார்ச்சை நகர்த்தினான். "இடது பக்கம். இன்னும் கொஞ்சம். அய்யோ, தாண்டிட்ட." "நீதான் ஆட்டற. ஒரு இடத்துல பிடி." "நான் ஆட்டலை, வாளி ஆடுது." ஒவ்வொரு புள்ளியாக அணைந்தது. இடுப்பு வலித்தது. பசை மூக்கில் ஏறியது. காய வைக்க அவளுடைய ஹேர் டிரையரைக் கேட்டான். கிளிப் போனது, டிரையர் போனது, இனி தலையையே கொடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். கல்யாணமான பின் இருவரும் இத்தனை நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது அன்றுதான். அதுவும் குளியலறையில்.

மாலையில் ஷூவுக்கு முடிச்சுப் போடும்போது அவன் கேமரா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டான். காலையில் ட்யூட்டி முடிந்து நேராகக் காப்பகத்துக்குப் போவதாக ஏற்பாடு. "படம் சரியா வரலைன்னா?" என்றாள்.

வழக்கமாக அவன் என்ன சொல்வான் என்று இருவருக்கும் தெரியும். அவன் கொஞ்சம் யோசித்தான். "வரலைன்னா ரொம்பக் கஷ்டமா இருக்கும்," என்றான்.

திங்களன்று பகல் முழுக்க அவள் தைத்தது எதுவும் நேராகப் போகவில்லை. ஒரே மடிப்பை இரண்டுமுறை பிரித்தாள். மதியம் தாண்டி, கடை வாசலில் தொங்கிய திரைகளை விலக்கிக்கொண்டு யாரோ வந்தார்கள். "வாங்க சார், எந்த ஜன்னலுக்கு?" என்று முதலாளியம்மா எழுந்தாள். மெஷினில் இருந்த அவளுக்கோ, கணுக்கால் தெரியும் பேன்ட்டைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

தூக்கமில்லாமல் அவன் கண்கள் சிவந்திருந்தன. "அந்த அதிகாரி படத்தைக் கழுவிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு அங்குலமா பார்த்தார். கடலுக்கு நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி. 'இந்தத் தீவு எப்ப வந்துச்சு? மூலத்துல இல்லையே'ன்னு கேட்டார்."

அவள் மெஷினை நிறுத்தினாள். கெட்டித் தையல். முனையில் முன்னும் பின்னும் ஓட்டிய இடம். பட்டை அதுவரை எட்டவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் மனைவி தச்சது சார்னு சொன்னேன்."

"அய்ய, அதை ஏன் சொல்லணும்?"

"நீதானே வாயால சொல்லச் சொன்னே. அவர் ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம் என் கோட்டைக் கழட்டி துருத்தி மேல போர்த்தி இன்னொண்ணு எடுத்தேன். அதுல தீவு இல்ல. ஒண்ணாந்தேதியிலேர்ந்து வரச் சொல்லியிருக்கார். அந்த முனையை முதல்ல ஒட்டிட்டு வரணுமாம்."

முதலாளியம்மா பக்கத்தில் இருந்ததால் அவள், "போய்த் தூங்குங்க," என்று மட்டும் சொன்னாள். அவன் போனதும் மெஷினில் குனிந்துகொண்டாள். நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஊசியைக் கோப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள்.

பகல் வேலை தொடங்கிய பிறகு வந்த முதல் ஞாயிறு. இருவருக்கும் விடுமுறை. யாரும் ஷூ போட வேண்டியதில்லை. வெயில் ஏறியும் எழுந்திருக்காமல் படுத்திருந்தார்கள். மாமியாரின் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. துண்டு நாற்காலியில் கிடந்தது. திரையில் புள்ளிகள் எரிந்தன. கட்டில் மேல் மெல்ல ஊர்ந்து வந்து, அதில் ஒன்று சரியாக அவள் கண் மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் திரும்பிப் படுத்தாள். தலையணையில் முகத்தைப் புதைத்தாள். கொஞ்ச நேரத்தில் காதோரம் சுட்டது. மறுபடி திரும்பினாள். அங்கேயும் ஒன்று காத்திருந்தது.

"என்ன?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

பரவாயில்ல என்று நாக்குநுனி வரை வந்துவிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டு, ஜன்னலை முறைத்தாள்.

"எவ தச்சாளோ இந்தக் கர்ட்டனை," என்றாள்.